அண்ணனை ஊசி போட அழைத்துப்போனது நான்தான், டாக்டர்

வாசகர் கடிதம்:

டாக்டர் ஐயா, எனக்கு வயது 54. மேலூர் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். 2021 ஜூலையில் என் அண்ணனை வற்புறுத்தி, பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் கோவிஷீல்டு என்னும் கொரோனா ஊசி போட வைத்தேன். அக்டோபரில் இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. 2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த நாலாம் நாள், மாரடைப்பில் போய்விட்டார். வயது 58. அந்த ஏப்ரலில், கோவிஷீல்டால் ரத்தம் உறையும் என்று கம்பெனியே லண்டன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. அண்ணன் மகன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "எங்கப்பாவைக் கொன்னது நீங்கதான் சித்தப்பா" என்றான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஊசி போட்டவர்களும்தானே செத்தார்கள், போடாவிட்டால் ரேஷன் கடைக்கு வராதே என்று மிரட்டினார்களே, எல்லாம் ஏமாற்று என்கிறான். இப்போது அவன் பெண் குழந்தைக்குப் பத்து மாதம். ஒன்பதாம் மாத ஊசி போடவில்லை. இனி எந்த ஊசியும் போடமாட்டேன் என்கிறான். அண்ணி என்னிடம் வந்து அழுகிறார். அந்த ஊசி உண்மையிலேயே வேலை செய்ததா? அண்ணன் சாவுக்கு நான் காரணமா? அவனிடம் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. உங்கள் அண்ணன் சாவுக்கு நீங்கள் காரணம் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த ஊசி ஒருவரை எப்படிக் கொல்லும், எத்தனை நாளில் கொல்லும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆம், மிக அரிதாக அது கொன்றிருக்கிறது. அதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. உங்கள் அண்ணன் மகன் காட்டிய செய்தி பொய் இல்லை. ஆனால் 2024-ல்தான் வெளியே வந்த ரகசியமும் இல்லை. 2021 ஏப்ரல் 7-ஆம் தேதியே ஐரோப்பாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதை அந்த ஊசியின் மிக அரிதான பக்கவிளைவு என்று அறிவித்துவிட்டது. அதே நாளில் பிரிட்டன், 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. அடுத்த மாதம் அந்த வரம்பை 40 வயது ஆக்கியது. டென்மார்க் இந்த ஊசியையே நிறுத்திவிட்டது.

அந்தக் கோளாறு நடக்கும் விதம் இது. ஊசி போட்ட சிலருக்கு, கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருளை உடம்பு தவறுதலாக, ரத்தம் உறைய உதவும் தன் தட்டணுக்களோடு தொடர்புடைய ஒரு புரதத்துக்கு எதிராகவே உண்டாக்கிவிடுகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மூளையிலோ வயிற்றிலோ ரத்தம் உறைகிறது. அதே சமயம் ரத்தப் பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கை சரிகிறது. உறைவும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வருவதுதான் இதன் அடையாளம். இது ஊசி போட்ட நாலாவது நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். பெரும்பாலும் முதல் ஊசிக்குப் பிறகு. இந்தியாவில் 2021 மே மாதம் வரை ஆராய்ந்ததில், கோவிஷீல்டு போட்ட பிறகு இப்படி வந்திருக்கலாம் என்று கண்டது 26 பேருக்கு, அதாவது 10 லட்சம் ஊசிக்கு 0.61. பிரிட்டனில் அப்போது 10 லட்சத்துக்கு நாலு என்ற அளவில் இருந்தது. நம் நாட்டில் சில விடுபட்டிருக்கும். கிராமத்தில் தலைவலியோடு செத்தவருக்கு யார் தட்டணு எண்ணிப் பார்த்தார்கள்? விடுபட்டதையும் சேர்த்து, பிரிட்டன் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அரிதுதான்.

உங்கள் அண்ணன் இரண்டாவது ஊசி போட்டு இரண்டே கால் வருடம் கழித்து இறந்திருக்கிறார். ஆறு வாரம் என்னும் வாசலை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். அவருக்கு இருந்தது சர்க்கரை, பிரஷர், 58 வயது. இதயக் குழாய் அடைக்க இந்த மூன்றும் போதும். கொரோனா வருவதற்கு இருபது வருடம் முன்பிருந்தே நம் ஆஸ்பத்திரிகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் பலருக்கு இந்தக் கதைதான். அவருக்கு இடையில் கொரோனா வந்திருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால், அந்த நோயே பின்னால் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டக்கூடியது.

திடீர் மரணங்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் ஆய்வு நடத்தியது. 47 ஆஸ்பத்திரிகள், 2021 அக்டோபரிலிருந்து 2023 மார்ச் வரை காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேர், ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு இருக்கும் 2,916 பேர். ஊசியால் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களிடம் குறைந்தே இருந்தது. அபாயம் கூடியது யாருக்கு என்றால், முன்பு கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் உள்ளவர்கள், சாவதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள், வழக்கத்துக்கு மீறிக் கடும் உடற்பயிற்சி செய்தவர்கள். ஒன்று சொல்லிவிட வேண்டும்: அந்த ஆய்வு 18 முதல் 45 வயதுக்காரர்களைப் பற்றியது. உங்கள் அண்ணன் அந்த வரம்புக்குள் வரமாட்டார். அதனால் அவர் விஷயத்தில் நான் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றவில்லை. நாள் கணக்கும் அவருக்கு இருந்த நோய்களுமே எனக்குப் போதுமானவை.

சரி, ஊசி வேலை செய்ததா என்ற கேள்விக்கு வருவோம். "போட்டவர்களும்தானே செத்தார்கள்" என்று உங்கள் அண்ணன் மகன் கேட்பது முட்டாள்தனமான கேள்வி இல்லை. அதற்குக் கணக்கோடு பதில் இருக்கிறது, அதுவும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

2021 ஏப்ரல் 13-லிருந்து மே 14 வரை, இரண்டாம் அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த அந்த ஒரு மாதத்தில், தமிழ்நாடு காவல்துறையில் கொரோனாவுக்கு 31 பேர் இறந்தார்கள். அதில் 11 பேர் ஊசி போட்டவர்கள். ஏழு பேர் ஒரு ஊசி, நாலு பேர் இரண்டு ஊசி. இதை மட்டும் ஒரு வாட்ஸ்அப் தகவலாக அனுப்பினால் என்ன எழுதுவார்கள்? "செத்த போலீஸ்காரர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊசி போட்டவர்கள்." அந்த வாக்கியம் பொய்யும் இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு.

மீதிப் பாதி இதோ. காவல்துறையில் அப்போது மொத்தம் 1,17,524 பேர். இரண்டு ஊசியும் போட்டவர்கள் 67,673. ஒன்று போட்டவர்கள் 32,792. போடாதவர்கள் 17,059. இப்போது பாருங்கள். 17 ஆயிரம் பேரில் 20 சாவு. அதைப்போல நாலு மடங்கு பெரிய கூட்டத்தில், 67 ஆயிரம் பேரில், 4 சாவு. பத்தாயிரம் பேருக்கு என்று வைத்தால், போடாதவர்களில் ஏறக்குறைய 12 பேர், ஒன்று போட்டவர்களில் இரண்டு பேர், இரண்டும் போட்டவர்களில் முழுதாக ஒருவர்கூட இல்லை. ஒரு ஊசி சாவை 82 சதவீதம் தடுத்தது, இரண்டு ஊசி 95 சதவீதம் தடுத்தது என்று ஆய்வில் எழுதியிருப்பது இந்தக் கணக்குத்தான். ஒரு ஊரில் எல்லோருமே ஊசி போட்டிருந்தால், அங்கே சாகிறவர்கள் எல்லோருமே ஊசி போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். செத்தவர்களை மட்டும் எண்ணினால் உண்மை தெரியாது. பிழைத்தவர்களையும் எண்ண வேண்டும். பிழைத்தவர்கள் யாருக்கும் செய்தி ஆவதில்லை என்பதுதான் சிக்கல்.

இதிலும் ஒரு சந்தேகம் எழுப்பலாம். உடம்புக்கு முடியாதவர்கள் ஊசிக்குப் பயந்து ஒதுங்கியிருக்கலாம், அவர்கள்தானே எப்படியும் அதிகம் செத்திருப்பார்கள் என்று. நியாயமான சந்தேகம். அது வித்தியாசத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டியிருக்கவும் கூடும். ஆனால் 20 மடங்கு வித்தியாசத்தை அது விழுங்கிவிடாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன் ஊழியர்கள் 10,600 பேரை வைத்துப் பார்த்தபோதும் இதே பக்கம்தான் தராசு சாய்ந்தது. தொற்றே வராமல் தடுத்தது 65 சதவீதம், ஆஸ்பத்திரியில் சேராமல் தடுத்தது 77, ஆக்சிஜன் தேவைப்படாமல் தடுத்தது 92, ஐ.சி.யு. போகாமல் தடுத்தது 94.

அந்த நாலு எண்ணையும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். நோய் கடுமையாக ஆக ஆக, ஊசியின் தடுப்பும் கூடிக்கொண்டே போகிறது. ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே என்று மக்கள் ஏமாந்தது இங்கேதான். கைத்தசையில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்பொருளை நிறைய உண்டாக்கும், மூக்கிலும் தொண்டையிலும் குறைவாகத்தான் உண்டாக்கும், அதுவும் சில மாதத்தில் வற்றிவிடும். கொரோனாவோ மூக்கு வழியாக வந்து சில நாளிலேயே நோயாகிவிடுகிறது. கிருமியை நினைவில் வைத்திருக்கும் உடம்பின் ஞாபக அணுக்கள் விழித்து வேலையைத் தொடங்குவதற்குள் சளியும் காய்ச்சலும் வந்தாயிற்று. ஆனால் நுரையீரல் கெடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் அந்த அணுக்கள் வந்து சேர்ந்துவிடும். ஊசி வாசலில் ஆளைத் தடுக்கவில்லை, அடுக்களைக்குள் போகவிடாமல் தடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 முடிவில் ஒமைக்ரான் வந்தபோது வாசல் காவல் அநேகமாக இல்லாமலே போயிற்று.

இதை அரசும் எங்களைப் போன்ற டாக்டர்களும் மக்களுக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "ஊசி போட்டால் கொரோனா வராது" என்று மைக் கட்டி ஆட்டோவில் சொல்லிக்கொண்டு போனார்கள். "வரலாம், ஆனால் சாகமாட்டீர்கள், பெரும்பாலும்" என்று சொல்லியிருந்தால் கூட்டம் சேராது என்ற பயம். மக்களுக்கு அது புரியாது என்று நினைத்தோம். நானும் அப்படி நினைத்தவன்தான். அந்தத் தவறின் விலையைத்தான் இப்போது உங்கள் அண்ணன் பேத்தி கொடுக்கப்பார்க்கிறாள்.

அப்போது நான் தென்மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் இன்னொரு கொரோனா ஊசியான கோவேக்சின் போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துவிட்டார். இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாய் முழுவதும் அடைத்திருந்தது என்று அன்றே டாக்டர்கள் சொன்னார்கள். அப்படி அடைப்புக்கு இடம் கொடுக்கும் கொழுப்பு ஒரு நாளில் படிவதில்லை. ஆனால் யார் காதில் விழுந்தது? அடுத்த திங்கட்கிழமை எங்கள் நிலையத்துக்கு ஊசிக்கு வந்தவர்கள் நாலு பேர். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். செவிலியர் குப்பியைத் திறந்து நாலு பேருக்குப் போட்டுவிட்டு, மீதி ஆறு பேருக்காகக் கிராமம் கிராமமாகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "நடிகருக்கே இப்படின்னா எங்களுக்கு யாரு இருக்கா" என்று ஒரு பாட்டி சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. நாலு மணி நேரம் முடிந்ததும் ஆறு பேருக்கான மருந்தைக் கழிவில் போட்டார். அவர் கை நடுங்கியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்று வரிசையில் நின்றுவிட்டு, மனைவி போனில் திட்டியதும் திரும்பிப் போனவர் ஒருவர் இருந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டல் வைத்திருந்தவர். மே மாதம் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 78. ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் நாள் இறந்தார். அன்று ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தனி ஒரு ஆளைப் பற்றி அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. அவரைப்போல ஆயிரம் பேர் போட்டிருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லலாம். உங்கள் அண்ணனைப் பற்றியும் அதே நேர்மையோடுதான் பேசுகிறேன்.

அந்த மே மாதக் கடைசியில் எல்லாம் தலைகீழாக மாறியது. காலை ஐந்து மணிக்கே டோக்கனுக்கு வரிசை. நூறு பேருக்கு மருந்து வந்தால் நானூறு பேர் நின்றார்கள். வேண்டும் என்றபோது கையில் மருந்து இல்லை. விவேக் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு சொன்னதாகச் செய்தி வந்தது அந்த அக்டோபரில். ஆறு மாதம். வதந்தி ஆறு மணி நேரத்தில் ஊரெல்லாம் சுற்றிவிட்ட பிறகு, விளக்கம் ஆறு மாதம் கழித்து வந்து யாருக்கு என்ன பயன்?

இப்போது உங்கள் அண்ணன் மகனின் கோபத்துக்கு வருகிறேன். அதில் பாதியை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், நீங்களும் அவனிடம் ஏற்றுக்கொள்ளுங்கள். ரேஷன் கடை விஷயத்தில் அவன் சொல்வது சரி. 2021 டிசம்பரில் உங்கள் மாவட்டத்தில், ஊசி போடாதவர்களுக்கு ரேஷன் கடை உள்ளிட்ட பொது இடங்களில் அனுமதி இல்லை என்று அறிவித்தார்கள். அரிசி வாங்கப் போகிறவரிடம் ஊசிச் சான்றிதழைக் கேட்பது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, ஒருவர் உடம்பின்மேல் அவருக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கியது என்று தீர்ப்புச் சொன்னது. தொற்று குறைந்திருந்த அந்த நேரத்தில், போடாதவர்களுக்கு விதித்த தடைகள் பொருத்தமில்லை என்றும் சொன்னது. பக்கவிளைவு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொன்னது. அதே தீர்ப்பில், அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது அல்ல என்றும் இருக்கிறது. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு வரியை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டார்கள்.

அரசின் மற்ற தவறுகளையும் அவன் கேட்கட்டும். கோவேக்சினுக்கு 2021 ஜனவரி 3-ஆம் தேதி அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு கையில் இல்லை. பின்னால் முடிவு நன்றாகவே வந்தது. நோய் வந்தவர்கள் ஊசிக் குழுவில் 24, வெறும் திரவம் போட்ட குழுவில் 106, அதாவது 77.8 சதவீதத் தடுப்பு. ஆனால் விடைத்தாள் திருத்தும் முன்பே பாஸ் என்று அறிவித்தது தவறுதான், பையன் பிறகு நல்ல மார்க் வாங்கினாலும். 2021 மே மாதம், 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று மத்திய அரசு கைகழுவியது. ஒரே கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியாருக்கு 600. உச்ச நீதிமன்றம் இதைத் தன்னிச்சையானது, காரணமற்றது என்று கண்டித்த பிறகுதான், ஜூன் 21 முதல் எல்லோருக்கும் இலவசம் ஆயிற்று. அந்த மே மாதத்தில் எங்கள் வரிசையில் நின்ற நானூறு பேருக்கு இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

மாநிலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2020 ஏப்ரல் 26-லிருந்து சென்னை, மதுரை, கோவையில் முழு ஊரடங்கு என்றார்கள். முந்தைய நாள் சந்தை முழுக்க ஆள்மேல் ஆள். கோயம்பேட்டிலிருந்து பரவியது எத்தனை மாவட்டத்துக்குப் போயிற்று என்று உங்களுக்கே தெரியும். ஆட்சி மாறி, 2021 மே 24-லிருந்து முழு ஊரடங்கு என்றபோதும், முந்தைய இரண்டு நாள் எல்லாக் கடையையும் திறக்கவிட்டு, பஸ்ஸையும் ஓடவிட்டார்கள். ஒரு நாளைக்கு 36 ஆயிரம் பேருக்குத் தொற்று என்ற உச்சத்தில் அது நடந்தது. ஒரே பாடத்தை இரண்டு அரசும் படிக்கவில்லை. மக்களோ சொன்னதைக் கேட்டார்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்காத இரண்டு சித்திரையை மதுரைக்காரர்கள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பார்த்தார்கள். அப்படிப்பட்ட மக்களிடம் உண்மையைச் சொல்ல அரசு ஏன் பயந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கேள்வி.

சாவுக் கணக்கிலும் அதே கதைதான். 2020-ல் இந்தியாவில் பதிவான மொத்த மரணம் 81 லட்சம். 2021-ல் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருடத்தில் 21 லட்சம் கூடியிருக்கிறது. அந்த வருடம் கொரோனா மரணம் என்று அரசு ஏற்றுக்கொண்டது ஏறக்குறைய 3.3 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் கொஞ்சம் இருக்கும். அதைக் கழித்தாலும் பெரிய பள்ளம் மிஞ்சுகிறது. ஊசியால் உண்மையிலேயே பாதிக்கப்பட்ட அந்தச் சிலருக்கும் நீதி கிடைக்கவில்லை. பிரிட்டனில் அப்படிப்பட்டவர்களுக்கு 1,20,000 பவுண்டு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. இங்கே 2022 நவம்பரில், இழப்பீட்டுக்கு அரசு பொறுப்பல்ல, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஊருக்காகக் கையை நீட்டியவர் விழுந்தால் ஊர்தான் தூக்க வேண்டும். இதை நான் ஒரு டாக்டராக வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஆனால் இவை எல்லாமே அரசின் தவறுகள். குப்பிக்குள் இருந்த மருந்து இதில் எதையும் செய்யவில்லை. அரசு பொய் சொன்னது என்பதற்காக அந்த 67 ஆயிரம் போலீஸ்காரர்களின் கணக்கு மாறாது. உங்கள் அண்ணன் மகனுக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினால் போதும்.

அதோடு, குழந்தைக்குப் போட வேண்டிய ஊசி கொரோனா ஊசியே அல்ல. ஒன்பதாம் மாதம் போடுவதில் முக்கியமானது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. தட்டம்மை ஊசியை இந்தியாவில் 1985-லிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டுவருகிறோம். உங்கள் அண்ணன் மகனே சிறு வயதில் அதைப் போட்டிருப்பான், அண்ணியைக் கேட்டால் சொல்வார். கொரோனா ஊசியில் மூக்கைக் காக்க முடியாமல் போன குறை இதில் இல்லை. தட்டம்மைக் கிருமி கொரோனாவைப்போல வருடத்துக்கு ஒரு வேஷம் போடுவதில்லை. உள்ளே நுழைந்தாலும் நோயாக வெடிக்க பத்துப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். ஞாபக அணுக்கள் விழித்துக்கொள்ள அது தாராளமான நேரம். அதனால்தான் முதல் ஊசியிலேயே நூற்றுக்கு 85 குழந்தைகளுக்கு நோய் வராமல் காக்கிறது. 16-லிருந்து 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது ஊசி மீதிப் பேரில் பெரும்பாலோரைக் காக்கிறது.

போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்ல வேண்டும். எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் தட்டம்மை வந்த ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். அது வெறும் "அம்மை போட்டிருக்கு" இல்லை. நிமோனியா, மூளைக் காய்ச்சல், கண் பார்வை போவது என்று பின்னால் இழுத்துவரும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: அதற்கு முன் வந்த நோய்களுக்கு எதிராக உடம்பு சேர்த்துவைத்த ஞாபகத்தையும் தட்டம்மை அழித்துவிடுகிறது. தட்டம்மை வந்து தேறிய குழந்தை, அடுத்த இரண்டு மூன்று வருடம் வேறு நோய்களில் அடிக்கடி விழுவது அதனால்தான். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது, இதே வாட்ஸ்அப் வதந்தியால் பள்ளிகளில் பெற்றோர் மறுத்தது நினைவிருக்கும். அப்போதும் ஒவ்வொரு பெற்றோராகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசித்தான் சரிசெய்தோம்.

அவனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அவன்முன் நீட்டாதீர்கள். அவன் போனை உங்கள்முன் நீட்டியதுபோலவே அது ஆகிவிடும். முதலில் போய் உட்காருங்கள். "உங்க அப்பாவை நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஏன்னா அந்த மே மாசம் நம்ம தெருவுல போன உயிருங்களைப் பார்த்தேன். அண்ணனும் அப்படிப் போயிடக்கூடாதுன்னு பயந்தேன்" என்று சொல்லுங்கள். எண்ணிக்கையெல்லாம் பிறகு. அவனுக்கு அப்பா போன துக்கம் இருக்கிறது. அதை வைக்க ஓர் இடம் வேண்டும், கைக்கெட்டிய இடம் நீங்கள். ரேஷன் கடை விஷயத்தில் அவன் சொன்னது சரி என்றும் சொல்லுங்கள். அது தோற்பது ஆகாது.

அப்புறம், அண்ணனுடைய பழைய மருந்துச் சீட்டுகள், ஈ.சி.ஜி., கடைசி நாள் ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அவன் நம்பும் ஒரு டாக்டரிடம் அவனையே போகச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அந்தக் காகிதங்கள் அவனிடம் பேசும். போனது போக, அவனுடைய சர்க்கரை, பிரஷர், கொழுப்பையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையோடு 58 வயதில் மாரடைப்பில் போன அப்பாவின் பிள்ளை அவன். அவனுக்கு உண்மையான அபாயம் இருப்பது அங்கேதான். அதை இன்று கண்டுபிடித்தால் கட்டுப்படுத்தலாம்.

குழந்தைக்கு ஒரு மாதம்தான் தள்ளியிருக்கிறது. கவலை இல்லை, ஐந்து வயது வரை விட்டதைப் போடலாம். ஆனால் எதிர்ப்பே இல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு அபாயம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை காலை போடுவார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப்போகச் சொல்லுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றோ அடுத்த நாளோ லேசான காய்ச்சல் வரலாம். ஏழு நாளிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் சிலருக்குச் சின்னதாகக் காய்ச்சலும் தடிப்பும் வந்து தானாகப் போகும். இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள். சொல்லாமல் விட்டு, காய்ச்சல் வந்தால், மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அண்ணியையும் கூட அனுப்புங்கள். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள அவர்தான் சரியான ஆள்.